பகலில் எதிர்க்கட்சி வக்கீல், இரவில் ஒரே படுக்கை: மெக்லீன் கவுண்டியின் பழைய கோர்ட்டு

பின்னாளில் லிங்கனின் அரசியல் போட்டியாளரான ஸ்டீபன் டக்ளஸ், 1835-ல் அரசு வக்கீலாக அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்து மெக்லீன் கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) வந்தபோது அவருக்கு மீசை சரியாக முளைத்திருக்குமா என்பதே சந்தேகம். வயது 21. உரிமம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இரவோடு இரவாகக் குற்றப்பத்திரிகைகளைக் கையால் எழுதிக் கோர்ட்டில் கொடுத்தார். பழுத்த வக்கீல்கள் எழுந்தார்கள். கவுண்டியின் பெயரையே பையன் தப்பாக எழுதியிருக்கிறான், அதனால் அத்தனை குற்றப்பத்திரிகையும் செல்லாது என்றார்கள். டக்ளஸுக்கே உள்ளூர உதறல்தான். இருந்தாலும் தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. கவுண்டியை உருவாக்கிய சட்டத்தின் அச்சுப் பிரதியைக் காட்டுங்கள், அதில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். அந்தப் புத்தகம் ஊரிலேயே இல்லை. வெளியூருக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். பிரித்துப் பார்த்தால், அச்சிலும் டக்ளஸ் எழுதிய மாதிரியே இருந்தது. எதிராளி சொல்வதை எதையும் தானாக ஒப்புக்கொள்ளக் கூடாது, எல்லாவற்றையும் அவனே நிரூபிக்கட்டும் என்ற பாடத்தை அன்றைக்குத்தான் கற்றேன் என்று பின்னால் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கதையில் டக்ளஸின் சாமர்த்தியத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் புத்தகம் இல்லாததுதான். கோர்ட்டு இருக்கிறது, நீதிபதி இருக்கிறார், வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் ஊர்க்காரர்களின் குழுவான ஜூரி இருக்கிறது, சட்டப் புத்தகம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் நீதி பரிபாலனம் ஆரம்பித்த நிலை இதுதான்.

இல்லினாய்ஸ் 1818-ல் தனி மாநிலமானது. அதன் நடுவில் மெக்லீன் கவுண்டி 1830 டிசம்பர் 25-ல் பிறந்தது. தலைநகரமாக புளூமிங்டன் என்ற ஊர் அடுத்த வருடம் எழுந்தது. சுற்றிலும் ஆள் உயரப் புல்வெளி, ஓடையோரங்களில் மட்டும் மரங்கள். அங்கே வந்த முதல் வக்கீல் ஜெஸ்ஸி ஃபெல். பென்சில்வேனியாக்காரர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஆனால் வழக்கு நடத்துவதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. நிலம் வாங்குவது, விற்பது, ஊர் அமைப்பது, மரம் நடுவது இதெல்லாம்தான் பிடித்தது. 1836-ல் தன் வக்கீல் தொழிலை டேவிட் டேவிஸ் என்ற 21 வயது இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேர நில வியாபாரியாகிவிட்டார். டேவிஸ் மேரிலாந்தில் பிறந்தவர், யேலில் சட்டம் படித்தவர். முதலில் பீகின் என்ற ஆற்றங்கரை ஊரில் கடை விரித்து, மலேரியாவில் படுத்து, அங்கிருந்து தப்பித்து வந்தவர்.

யேல் படிப்பெல்லாம் அபூர்வம். அன்றைய வக்கீல்களில் பெரும்பாலோர் ஒரு மூத்த வக்கீலின் அலுவலகத்தில் உட்கார்ந்து பிளாக்ஸ்டோனின் சட்ட நூலைப் படித்து, மனு நகல் எடுத்து, கற்றுக்கொண்டவர்கள். ஆபிரகாம் லிங்கனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு வக்கீல் ஜான் ஸ்டூவர்ட்டிடம் புத்தகம் இரவல் வாங்கித் தானாகப் படித்தவர் அவர். தகுதித் தேர்வும் இதே தரத்தில்தான். ஜோனத்தன் பர்ச் என்ற இளைஞர் தேர்வுக்காக லிங்கனைத் தேடி புளூமிங்டன் ஓட்டலுக்குப் போன கதை இருக்கிறது. லிங்கன் அரைகுறை உடையில் குளித்துக்கொண்டிருந்தார். அப்படியே கேள்வி கேட்டார். ஒப்பந்தம் என்றால் என்ன என்பது மாதிரி நாலைந்து அடிப்படைக் கேள்விகள், அப்புறம் தன் இளமைக் கதைகள். துண்டால் துடைத்துக்கொண்டு, ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஸ்டீபன் லோகனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். 'வேண்டுமானால் நீங்களும் சோதித்துப் பாருங்கள், எனக்குத் திருப்தி. பார்ப்பதற்குத் தெரிவதைவிடப் பையன் கெட்டிக்காரன்' என்பதுதான் அதன் சாரம். லோகன் சட்டத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் உரிமத்துக்கு வழி செய்துவிட்டார்.

இந்த லோகன் தனி மனிதர். கீச்சுக் குரல், கசங்கிய உடை, கோர்ட்டில் உட்கார்ந்தபடியே பேனாக்கத்தியால் மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருப்பார். ஆனால் வழக்கு நடத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார் டேவிஸ். டக்ளஸின் எழுத்துப்பிழை வழக்கில் நீதிபதி ஆசனத்தில் இருந்தவரும் இவர்தான். 1837-ல் நீதிபதி பதவியை ராஜினாமா செய்தார். சம்பளம் கட்டுப்படியாகவில்லை. வக்கீலாக அதைவிடப் பல மடங்கு சம்பாதிக்கலாம் என்று தெரிந்தவர் நாற்காலியில் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறார்?

1848-ல் புதிய மாநில அரசியல் சட்டம் வந்தது. அதுவரை சட்டமன்றம் நியமித்துவந்த நீதிபதிகளை இனி மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்றது. சர்க்யூட் நீதிபதிக்கு வருடச் சம்பளம் 1,000 டாலர் என்றும் எழுதியது. அந்த வருடமே டேவிஸ் எட்டாவது சர்க்யூட்டின் நீதிபதியாகத் தேர்வானார். 1862 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

சர்க்யூட் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு முழுநேர நீதிபதியை வைக்க மாநிலத்திடம் பணமில்லை, அவ்வளவு வழக்கும் இல்லை. ஆகவே நீதிபதியே ஊர் ஊராகப் போவார். எட்டாவது சர்க்யூட் பெரிதாக இருந்த காலத்தில் அதில் மெக்லீன் உட்பட 14 கவுண்டிகள், பரப்பளவு சுமார் 11,000 சதுர மைல். வசந்த காலத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. ஒவ்வொன்றும் இரண்டரை மாதத்துக்கு மேல் இழுக்கும். ஒரு ஊரில் இரண்டு மூன்று நாள், இன்னொன்றில் ஒரு வாரம். நீதிபதியின் பின்னாலேயே ஒரு வக்கீல் கூட்டமும் குதிரையிலும் வண்டியிலும் கிளம்பும். எல்லாரும் முழுச் சுற்றும் வரமாட்டார்கள், இரண்டு மூன்று கவுண்டியோடு திரும்பிவிடுவார்கள். முழுச் சுற்றும் டேவிஸோடு விடாமல் வந்தவர் லிங்கன்.

டேவிஸ் 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ளவர். ஒற்றைக் குதிரை தாங்காது. இரட்டைக் குதிரை பூட்டிய வண்டியில்தான் பயணம். இந்த எடையால் அவருக்கு ஒரு சலுகையும் கிடைத்தது. சாவடி ஓட்டல்களில் வக்கீல்கள் ஒரு படுக்கைக்கு இரண்டு பேராகப் படுத்தாக வேண்டும், நீதிபதிக்கு மட்டும் தனிப் படுக்கை. மனைவி சாராவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அழுக்குத் தரை, அழுக்கு மேஜை, வாயில் வைக்க முடியாத சாப்பாடு, சேறு, பாலமில்லாத ஓடை என்று அவற்றில் புலம்பலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் 14 வருடம் அந்த வாழ்க்கையை விடவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஏன் பிடித்திருந்தது என்பதற்கு லெனார்ட் ஸ்வெட் சொன்ன ஒரு காட்சி போதும். மெக்சிகோ போருக்குப் போய், உடம்பு கெட்டுத் திரும்பி, புளூமிங்டனில் தொழில் தொடங்கிய இளம் வக்கீல் அவர். 1849-ல் டான்வில் ஊருக்குப் போய் நீதிபதியையும் லிங்கனையும் பார்க்க வேண்டும் என்றார். மாடி அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். கதவைத் தட்டி உள்ளே போனால், இரவு உடையில் இரண்டு ஆட்கள் தலையணையால் ஒருவரையொருவர் மொத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மலை மாதிரி, இன்னொருவர் பனைமரம் மாதிரி. மலைதான் மாண்புமிகு நீதிபதி. மறுநாள் காலை அந்த நீதிபதி முன்னால்தான் அந்த வக்கீல் வாதாட வேண்டும்.

இன்றைக்கு இப்படி நடந்தால் எதிர்க்கட்சிக்காரர் சும்மா இருப்பாரா? அன்றைக்கு அதை யாரும் குறையாகப் பேசவில்லை. எல்லா வக்கீலும் அதே மேஜையில் சாப்பிட்டார்கள், அதே அறையில் தூங்கினார்கள். ஒருவருக்கு மட்டும் சலுகை என்று எப்படிச் சொல்வது? ஆனால் நெருக்கம் எல்லை தாண்டிய இடங்களும் உண்டு. டேவிஸுக்கு உடம்பு சரியில்லை, அல்லது வீட்டில் வேலை என்றால், வக்கீல்களில் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார். லிங்கன் அப்படி நூற்றுக்கணக்கான வழக்குகளில் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் சில்லறை வழக்குகள், இரு தரப்பும் சம்மதித்தவை. ஆனாலும் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த நாற்காலியை நண்பருக்கு இரவல் கொடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

கோர்ட்டு கூடும் வாரம் புளூமிங்டனில் திருவிழாதான். விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். குதிரை விற்பார்கள், கடன் பேசுவார்கள், வேடிக்கை பார்ப்பார்கள். வெளியூர் வக்கீல்கள் வந்து இறங்கியதும் உள்ளூர் வக்கீல் ஓடிவந்து, தன் கட்சிக்காரரை அறிமுகப்படுத்தி, இந்த வழக்கில் கூட நில்லுங்கள் என்பார். தயாரிப்புக்கு நேரம் சில மணி நேரம்தான். இந்த வாரம் தவறினால் அடுத்த வாய்தா ஆறு மாதம் கழித்து. அதனால் மரத்தடியிலேயே பேசி முடித்த வழக்குகள் ஏராளம். ராஜி பேசுவதை ஒரு பெருந்தன்மை என்று சொல்லும் லிங்கன் கதைகள் நிறைய உலவுகின்றன. இந்தக் கால அட்டவணையைப் பார்த்தால் அதில் பாதி நிர்ப்பந்தம் என்பது தெரியும்.

வழக்குகள் என்ன வகை? கொலை, கொள்ளை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். லிங்கனின் 25 வருடத் தொழிலில் அவர் தொட்ட வழக்குகள் 5,000-க்கு மேல். அவற்றில் பாதிக்கும் மேல் கடன் வசூல். காசு புழக்கம் குறைவான ஊர். கடைக்காரரிடம் வாங்கிய சாமானுக்கும், மாட்டுக்கும், நிலத்துக்கும் புரோநோட்டுதான். அந்த நோட்டே கைமாறிக் கைமாறிப் பணம் போலச் சுற்றும். 1837-ல் நாடு முழுவதும் பொருளாதாரம் சரிந்தபோது கடைசியாக நோட்டைக் கையில் வைத்திருந்தவர் கோர்ட்டுக்கு வந்தார். மத்திய மேற்கு வக்கீல்களின் அடுப்பு எரிந்தது இந்த நோட்டுகளால்தான். கட்டணம் 5 டாலர், 10 டாலர், மிஞ்சினால் 20.

அடுத்து மானநஷ்டம். என் பன்றியைத் திருடினான், பொய்ச்சத்தியம் செய்தான், அவள் நடத்தை கெட்டவள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் சொன்னால் போதும், பிராது பாயும். பெண்ணின் கற்பைப் பற்றிப் பொய் பேசுவது வழக்குத் தொடரத் தக்க குற்றம் என்று இல்லினாய்ஸ் 1822-லேயே சட்டம் போட்டிருந்தது. இந்த வழக்குகளில் ஒரு விசித்திரம்: ஜூரி பெரிய தொகை விதிக்கும், ஜெயித்தவர் அதில் பெரும்பகுதியை வேண்டாம் என்று விட்டுவிடுவார். பணம் யாருக்கு வேண்டும், ஊரறியப் பேர் சுத்தமானால் சரி.

இந்தச் சில்லறை வழக்குகளுக்கு நடுவே மெக்லீன் கவுண்டியில் சில பெரிய வழக்குகளும் வந்தன. 1855 அக்டோபரில் புளூமிங்டனில் ஒரு தீ விபத்து. புகைபோக்கி இடிந்து விழுந்து சாமுவேல் ஃபிளெமிங் என்ற தச்சருக்கு இரண்டு தொடையெலும்பும் முறிந்தது. மருத்துவர்கள் ரோஜர்ஸும் குரோதர்ஸும் கட்டுப்போட்டார்கள். வலது கால் கோணலாகக் கூடியது. தச்சர் 10,000 டாலர் நஷ்டஈடு கேட்டார். மருத்துவர்களுக்காக வாதாடிய லிங்கன் ஜூரி முன்னால் கோழி எலும்புகளை எடுத்து வளைத்துக் காட்டினார். குஞ்சின் எலும்பு வளைகிறது, கிழக்கோழியின் எலும்பு படக்கென்று ஒடிகிறது. நடுவயதுக்காரரின் எலும்பு இளைஞனுடையது போலக் கூடாது, அது மருத்துவர் குற்றமல்ல என்பது வாதம். மருத்துவ விஞ்ஞானம் அவ்வளவுதான், ஆனால் விவசாயி ஜூரிக்கு அது புரிந்தது. ஜூரி ஒருமனதாக முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. வழக்கு பக்கத்துக் கவுண்டிக்குப் போய், கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

1857-ல் வயன்ட் கொலை வழக்கு. நில எல்லைத் தகராறில் ஆன்சன் ரஸ்க் என்பவர் ஐசக் வயன்ட்டின் கையில் சுட்டார். குளோரோஃபார்ம் கொடுத்துக் கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் ஒருநாள் பக்கத்து டிவிட் கவுண்டியின் அரசு அலுவலகத்திலேயே வயன்ட் ரஸ்கைச் சுட்டுக் கொன்றார். விசாரணை மெக்லீனுக்கு மாற்றப்பட்டது. ஸ்வெட் வயன்ட்டுக்காக ஆஜராகி, குளோரோஃபார்மும் ரண சிகிச்சையும் அவர் புத்தியைக் குலைத்துவிட்டன என்று வாதிட்டார். மருத்துவர்களைக் கூண்டில் ஏற்றினார். அரசுத் தரப்புக்கு உதவியவர் லிங்கன், நீதிபதி டேவிஸ். மூன்று பேரும் இணைபிரியாத நண்பர்கள். ஜெயித்தது ஸ்வெட். வயன்ட் மனநல விடுதிக்கு அனுப்பப்பட்டார். புத்தி சுவாதீனம் இல்லை என்ற எதிர்வாதம் அமெரிக்காவில் ஜெயித்த ஆரம்பகால வழக்குகளில் இது ஒன்று. நண்பர்கள் ஒருவரோடொருவர் மனசார மோதினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதே வருடம், அதே கோர்ட்டில், மறுபக்கமும் தெரிந்தது. இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேக்கு 1851 சாசனத்திலேயே வரிவிலக்கு உண்டு. மொத்த வருமானத்தில் ஒரு பங்கை மாநிலத்துக்குக் கொடுத்தால் போதும். 1853-ல் மெக்லீன் கவுண்டி அதெல்லாம் முடியாது, எங்கள் எல்லையில் இருக்கும் நிலத்துக்கு வரி கட்டு என்றது. லிங்கன் முதலில் பக்கத்து சாம்பெயின் கவுண்டி அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்: கம்பெனி என்னை அழைக்கிறது, ஆனால் முதல் உரிமை உங்களுக்குத்தான், வேண்டுமானால் சீக்கிரம் சொல்லுங்கள். கவுண்டி அமர்த்தவில்லை. கம்பெனி பக்கம் போனார். மாநில உச்ச நீதிமன்றத்தில் எதிரே கவுண்டிக்காக நின்றவர்கள் யார்? வக்கீல் தொழிலில் அவருடைய பழைய பங்காளிகளான ஸ்டூவர்ட்டும் லோகனும். இரண்டு முறை வாதம் நடந்து, 1856-ல் ரயில்வே ஜெயித்தது.

லிங்கன் 5,000 டாலர் கட்டணம் கேட்டார். நீதிபதியின் ஐந்து வருடச் சம்பளம். கம்பெனி மறுத்தது. மெக்லீன் கவுண்டி கோர்ட்டிலேயே கம்பெனி மேல் வழக்குப் போட்டார். 1857 ஜூனில் விசாரித்தவர் டேவிஸ். அந்தத் தொகை நியாயமானதே என்று எழுதிக் கொடுத்தவர்கள் மாநிலத்தின் முன்னணி வக்கீல்கள், பலர் அவர் நண்பர்கள். ஏற்கெனவே வாங்கிய 200 போக 4,800 டாலருக்குத் தீர்ப்பானது. தொகை நியாயமாகவே இருக்கலாம், கம்பெனிக்கு லட்சக்கணக்கில் மிச்சம். ஆனால் வாதியும், நீதிபதியும், சாட்சி சொன்னவர்களும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

கட்டண விஷயத்தில் டேவிஸின் புகார் வேறு. லிங்கன் குறைவாக வாங்கித் தொழிலையே கெடுக்கிறார் என்பது. டான்வில்லில் லிங்கனின் உள்ளூர் பங்காளி வார்ட் லேமன் சொல்வது இது: சித்தசுவாதீனமில்லாத ஒரு பெண்ணின் சொத்து வழக்குக்கு லேமனே 250 டாலர் பேசி வாங்கியிருந்தார். வழக்கு சில நிமிடங்களில் முடிந்தது. பாதியைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று லிங்கன் பிடிவாதம் பிடித்தார். டேவிஸ் அவரைக் கூப்பிட்டு, ஊரே கேட்கும்படி ஒரு 'ரகசியக்' குரலில் கடிந்துகொண்டார். அன்று இரவு ஓட்டலில் விளையாட்டுக் கோர்ட்டு கூட்டி, லிங்கனுக்கு அபராதமும் போட்டார்கள்.

டேவிஸ் சம்பளத்தை நம்பி இருந்தவரல்ல. அரசாங்க நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் கிடைத்த காலம். சர்க்யூட்டில் சுற்றிச் சுற்றி எந்த மண் நல்ல மண், ரயில் எங்கே வரப்போகிறது என்று தெரிந்துகொண்டவர் வாங்கிப் போட்டார். இல்லினாய்ஸின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். புளூமிங்டனில் 1872-ல் அவர் கட்டி முடித்த மாளிகை இன்றும் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ஃபெல் விஷயமும் அதேதான். அந்த ஊர்களில் சட்டம் படிப்பது நில வியாபாரத்துக்கு ஒரு பயிற்சி என்றே சொல்லலாம்.

இந்தக் கலகலப்பான பந்தியில் இடமே இல்லாதவர்களும் இருந்தார்கள். கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்ற சட்டம் 1865 வரை இல்லினாய்ஸில் இருந்தது. கறுப்பர்கள் மாநிலத்துக்குள் குடியேறவே தடை என்று 1853-ல் இன்னொரு சட்டம் வந்தது. தன் கூலியை ஏமாற்றிய வெள்ளைக்காரர் மேல் ஒரு கறுப்பினத் தொழிலாளி எப்படி வழக்கை நிரூபிப்பார்? பெண்கள் ஜூரியில் உட்கார 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வக்கீலாக விரும்பிய மைரா பிராட்வெல்லை மாநில உச்ச நீதிமன்றம் மறுக்க, வழக்கு வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1873-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அங்கும் தோற்றார். மறுத்த எட்டுப் பேரில் ஒருவர், அதற்குள் அங்கே நீதிபதியாகியிருந்த நம் டேவிஸ். இதற்குள் இல்லினாய்ஸ் சட்டமன்றமே விதியை மாற்றிவிட்டது. அதே 1873-ல் ஆல்டா ஹியூலெட் என்ற 19 வயதுப் பெண் உரிமம் வாங்கினார்.

டேவிஸ் வாஷிங்டன் போனதும் இந்தப் பந்தியால்தான். 1850-களில் ரயில் வந்ததும் வக்கீல்கள் சனிக்கிழமை வீட்டுக்குப் போய்த் திங்களன்று திரும்பினார்கள். மக்கள்தொகை கூடியது, சர்க்யூட் சுருங்கியது. 1853-ல் 8 கவுண்டிகள், 1857-ல் 5. ஊர்சுற்றும் கூட்டம் கலைந்தது. ஆனால் 1860 மே மாதம் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியபோது லிங்கனுக்காக ஓட்டல் அறையில் உட்கார்ந்து மாநிலம் மாநிலமாகப் பேரம் பேசியவர்கள் டேவிஸ், ஸ்வெட், லோகன், லேமன், ஃபெல் என்ற அதே ஆட்கள்தான். தெரியாத ஊரில் சில மணி நேரத்தில் ஆள் பிடித்து, வழக்கைத் தயார் செய்து, ஜூரியை எடை போட்டுப் பழகியவர்களுக்கு மாநாட்டுப் பிரதிநிதிகள் புதிதில்லை. லிங்கன் ஜனாதிபதியானதும் லேமன் வாஷிங்டனில் மார்ஷல் என்ற கோர்ட்டுக் காவல் அதிகாரி ஆனார். டேவிஸ் 1862-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். காத்திருந்து காத்திருந்து, ஸ்வெட் போன்றவர்கள் நச்சரித்த பிறகுதான் அதுவும் கிடைத்தது.

1865-ல் லிங்கன் கொல்லப்பட்டபோது உயில் இல்லை. 25 வருடம் வக்கீலாக இருந்து, எத்தனையோ பேரின் சொத்துத் தகராறைப் பார்த்தவர் தனக்கென்று ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. மூத்த மகன் ராபர்ட் டேவிஸைத்தான் கூப்பிட்டார். அவர் சொத்தை நிர்வகித்துப் பெருக்கி, 1867-ல் 1,10,000 டாலருக்கு மேல் கணக்குக் காட்டி மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். நிர்வாகிக்குச் சட்டப்படி சேர வேண்டிய கட்டணத்தை அவர் வாங்கவில்லை.